கூட்டு வாசிப்பில் மறைந்துபோகும் குழந்தை: தொடக்க வகுப்பு ஆசிரியர்களிடம் ஒரு கேள்வி

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

தஞ்சை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு மூன்றாம் வகுப்பு. தொடக்க வகுப்பு எடுப்பவர்களிடம் ஒன்றைப் பேச வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பே சேர்ந்து பாடத்தை வாய்விட்டு வாசிக்கும்போது கேட்க நிறைவாக இருக்கும். தெருவில் போகிற பெற்றோருக்கும் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று தெரியும். ஆனால் அந்தச் சத்தத்தில் யார் எழுத்தைப் பார்த்து வாசிக்கிறார், யார் அடுத்தவர் வாயைப் பார்த்துச் சற்றுப் பிந்திச் சொல்கிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொன்னால்தான் தெரிகிறது.

என் வகுப்பில் ஒரு சிறுவனுக்குப் பாடம் முழுவதும் மனப்பாடம். விரல் வைத்து வாசி என்றால் வைப்பான். விரல் ‘குளத்தில்’ என்ற சொல்லின் மேல் நிற்கும். வாய் அதற்குள் ‘மீன்கள்’ தாண்டி ‘நீந்தின’வுக்குப் போயிருக்கும். அதே வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொன்னேன். ‘நீ’ என்ற ஓர் எழுத்து மட்டும் வந்தது. மிச்சத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

இன்னொரு சிறுமி படத்தை வாசிப்பாள். மரக்கிளையில் குரங்கு உட்கார்ந்திருக்கும் படத்தின் அடியில் ‘மரத்தின் கீழே குரங்கு இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். தயங்காமல் ‘மரத்தின் மேலே குரங்கு இருக்கிறது’ என்றாள். கெட்டிக்காரப் பிள்ளை. இந்தக் கெட்டிக்காரத்தனமே அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதை இரண்டு ஆண்டுகள் மறைத்து வைத்திருக்கிறது.

மூன்றாமவன் ‘கொடி’யைக் ‘கெ... ஆ... டி’ என்கிறான். நாம் இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவன் அப்படியேதான் செய்கிறான். கொம்பைப் பார்த்தான், ககரத்தைப் பார்த்தான், ‘கெ’ என்றான். பிறகு ஒரு கால் வந்தது, ‘ஆ’ என்றான். ஒரே ஓசைக்காக எழுத்துக்கு முன்னால் ஒரு குறியும் பின்னால் ஒரு குறியும் நிற்கும் என்பதை அவனுக்கு யாரும் கையில் எடுத்துக் காட்டவில்லை. உகர வரிசையும் இப்படித்தான். ஆகாரத்துக்கு ஒரு கால் போதும். உகரத்தில் ‘கு’ ஒரு விதமாக வளைகிறது, ‘சு’ ஒரு விதமாக இறங்குகிறது, ‘து’ வேறு மாதிரி. ‘மு’வைத் தனியாகக் காட்டினால் ‘ம, மா, மி, மீ’ என்று வரிசையாகச் சொல்லி வந்துதான் ‘மு’ என்கிறார்கள். 247 எழுத்து அட்டவணையை ஒப்பிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஓர் எழுத்தை அதன் வரிசையிலிருந்து பிரித்தால் அடையாளம் தெரியவில்லை.

இவை எதுவும் கூட்டு வாசிப்பில் தெரியாது. சொல்வதெழுதுதலிலும் ‘தவறு’ என்று தெரியுமே தவிர எங்கே தடுக்கிறது என்று தெரியாது. அதனால் என் நிலைப்பாடு இது: ஒன்று முதல் மூன்று வரை ஒவ்வொரு குழந்தையும் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஆசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசிரியர் மட்டும் கேட்க, சில வரிகள் வாசிக்க வேண்டும். தடுமாறுகிற பிள்ளை தினமும் வாசிக்க வேண்டும். வேறு எதைக் குறைத்தாவது இதைச் செய்ய வேண்டும்.

நீங்கள் செய்கிறீர்களா? செய்தால் மற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள்?

---

ஈராசிரியர்

சகோதரி, சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எங்கள் பள்ளி தருமபுரிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஐந்து வகுப்புக்கும் நாங்கள் இரண்டே பேர். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். எனவே கணக்கில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மிச்சமிருப்பவர் முதல் வகுப்புக்கு ‘அம்மா, ஆடு’ சொல்லிக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்த வேண்டும்.

காலை உணவு தொடங்கிய பிறகு ஒரு நன்மை உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் முதல் பாடவேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் தலை சாய்க்கிற பிள்ளைகள் இருப்பார்கள். 2023 ஆகஸ்டில் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு அது குறைந்திருக்கிறது. சீக்கிரமாகவும் வருகிறார்கள். ஆனால் பிள்ளைகள் சாப்பிடும்போது நாம் பக்கத்தில் நிற்க வேண்டும், பிறகு வருகைப் பதிவு, பிறகு கைப்பேசியில் ஏற்ற வேண்டியவை. தனித்தனியாகக் கேட்க நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

நான் செய்வது இதுதான். ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் சிலரை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையாக உட்காரவைக்கிறேன். ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்கிறார். பெரியவர்களுக்கும் அதில் பெருமை. ஒரே ஒரு தொல்லை, சின்னவன் திணறினால் பெரியவள் உடனே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். பொறுத்திரு என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த வயதில் பொறுமை வராது.

---

பழைய ஏணி

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். இந்தப் பேச்சைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் கேட்கும் தனிக் கவனம் இந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் முறையாகவே இருந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறைதான் அதற்கு முன்மாதிரி. 2007–08இல் மாநிலம் முழுவதும் வந்தது. அட்டைகள், தட்டுகள், சுவரில் ஏணிப்படி. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் இருக்கும் படத்தைப் பார்த்து, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்துவரும். நாங்கள் நாற்காலியை விட்டுப் பாயில் இறங்கினோம். சுவரின் அடியில் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். அவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப் பந்தல்.

அந்த முறையின் உயிர் எதில் இருந்தது என்றால், ‘ஆசிரியர் துணையோடு’ என்று ஒரு குழு எப்போதும் என் எதிரில் உட்கார்ந்திருக்கும். அந்த நாலைந்து பேரைத்தான் அந்த நேரத்தில் கேட்பேன். மற்றவர்கள் தனியாகவோ சக மாணவரோடோ அட்டை வேலையில் இருப்பார்கள். ஈராசிரியர் கேட்ட ‘நேரம் எங்கே’ என்பதற்கு அன்று ஒரு விடை இருந்தது.

அது தேய்ந்த கதையும் எனக்குத் தெரியும். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, திரும்ப வரவில்லை. பார்வையிட வருகிறவர்கள் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறான் என்று கேட்டார்கள். என்ன வாசிக்கிறான் என்று கேட்டவர்கள் குறைவு. அதனால் பல இடங்களில் பிள்ளையைப் படியில் ஏற்றிவிடுவது மட்டும் நடந்தது. பெற்றோர்களுக்கும் ‘பாடப் புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே’ என்ற மனக்குறை. ஆனாலும் ஐந்து வகுப்பு ஒரே அறையில் இருக்கும் பள்ளிக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

---

கணக்குமணி

வாசிப்புக்குச் சொன்னது கணக்குக்கும் அப்படியே பொருந்தும் என்பதால் இரண்டு எடுத்துக்காட்டு.

52லிருந்து 27ஐக் கழி என்றால் 35 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடலாம். கூப்பிட்டு ‘எப்படிச் செய்தாய், சொல்’ என்று கேட்டால் தெளிவாகச் சொல்வான்: ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ‘பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க முடியும்’ என்று ஒன்றாம் வகுப்பில் நாம் சொன்னதை அவன் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் இருபதையும் இதே மாதிரி செய்வான். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடுத்து, ‘27 குச்சி எனக்குக் கொடு’ என்று கேளுங்கள். இரண்டு உதிரியையும் கொடுத்துவிட்டுத் திகைப்பான். பிறகு தானே ஒரு கட்டின் நூலை அவிழ்ப்பான். அந்த நூலை அவிழ்ப்பதுதான் ‘கடன் வாங்குதல்’. அதை அவன் விரல் செய்த பிறகு பலகையில் எழுதிக் காட்டினால் போதும்.

அடுத்தது, ‘முந்நூற்று நான்கு’ என்றால் 3004. முந்நூறு எழுதினான், பக்கத்தில் நான்கு எழுதினான். காதில் விழுந்த வரிசை அது. இவனுக்கு இடமதிப்பு வரவில்லை என்பது தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண் குறைவாக மட்டும் தெரியும்; பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொன்னால் ஒரு நிமிடத்தில் காரணமே தெரிந்துவிடும்.

தவறான விடைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நேர்மையான யோசனை இருக்கிறது. அதைக் கேட்காமல் திருத்துவது எனக்கு மனத்துக்கு ஒப்பவில்லை.

---

பனியன் நகரம்

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் நிறையப் பேர். பெற்றோர் பனியன் கம்பெனிகளில் வேலை. இவர்கள் விஷயத்தில் ‘தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்’ என்பதை ஆரம்பத்திலேயே செய்யக் கூடாது என்பது என் அனுபவம்.

புதிதாக வந்த பிள்ளை பல வாரங்கள் வாயே திறக்காது. கூப்பிட்டுக் கேட்டால் தலைகுனிந்து நிற்கும், மறுநாள் வராது. விட்டுவிட்டால் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டே இருக்கும். முதல் தமிழ்ச் சொல் வகுப்பில் வராது, விளையாட்டில் வரும். ‘எனக்குக் கொடு’, ‘நான்தான் முதல்’, ‘டீச்சர், இவன் தள்ளுகிறான்’. புகார் சொல்லத் தொடங்கிவிட்டால் மொழி வந்துவிட்டது என்று நான் கணக்கில் வைத்துக்கொள்வேன்.

அந்தப் பிள்ளைகளுக்கு நம் கூட்டு வாசிப்பு ஒரு நிழல். சத்தத்துக்குள் நின்று, தப்பாகச் சொன்னாலும் யாரும் திரும்பிப் பார்க்காமல் பழகிக்கொள்ளலாம். அதனால் அதை அடியோடு குறைசொல்லாதீர்கள்.

இவர்களிடம் நான் கவனித்த இன்னொன்று. இந்தி எழுத்து கொஞ்சம் தெரிந்து வந்த ஒரு சிறுமி ‘தம்பி’யில் பகரத்தை ‘படம்’ என்பதில் வருவதைப் போலவே அழுத்தி வாசித்தாள். அவள் மொழியில் அந்த இரண்டு ஓசைக்கும் வேறு வேறு எழுத்து. நம் பிள்ளைகள் ‘தம்பி’ என்பதைப் பிறந்ததிலிருந்து கேட்டவர்கள். மெல்லினத்துக்குப் பின் வல்லினம் மென்மையாகும் என்று யாரும் சொல்லாமலே சரியாக வாசிக்கிறார்கள். அவளுக்கு நான் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ‘பாம்பு’, ‘பம்பரம்’, ‘கம்பு’, ‘தங்கம்’, ‘பந்து’ என்று சொற்களை அடுக்கினோம். மற்ற பிள்ளைகளும் முதல்முறையாகத் தங்கள் வாயில் நடப்பதைக் கவனித்துக் குதூகலமாகிவிட்டார்கள். அன்றைக்கு நடந்தது அழகான இலக்கண வகுப்பு.

---

இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தாய்

வணக்கம். நான் ஆசிரியை இல்லை. எட்டாவதோடு நின்றவள். என் மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். நீங்கள் எல்லாரும் பேசுவதைப் படித்தேன்.

வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிறேன். கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் பற்றிப் பேசுகிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். என் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்று கேட்க எனக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ‘நன்றாகப் படிக்கிறாள் அம்மா’ என்கிறார்கள். நான் கேட்டால் பாட்டை ராகத்தோடு சொல்கிறாள். அது வாசிப்பதா, மனப்பாடமா? காவிரிக்கரை டீச்சர் சொன்னது போல் பின்னாலிருந்து வாசிக்கச் சொல்லிப் பார்க்கலாமா? பிள்ளை பயந்துவிடுமா?

எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்வது?

---

காவிரிக்கரை

அம்மா, உங்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன். பின்னாலிருந்து வாசிப்பதைச் சோதனை போல் வைக்க வேண்டாம். அது ஆசிரியருக்கான வழி. நீங்கள் அவள் இதுவரை பார்க்காத எழுத்தைக் காட்டுங்கள். பஸ்ஸில் ஊர்ப் பெயர்ப் பலகை, நியாய விலைக் கடையின் அறிவிப்பு, வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை. ‘இதில் உனக்குத் தெரிந்த எழுத்து எது?’ என்று கேளுங்கள். முழுதாக வாசித்தால் மகிழ்ச்சி. இரண்டு எழுத்து சொன்னாலும் சரி, மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். மனப்பாடம் அங்கே உதவாது, அதனால் உண்மை தெரிந்துவிடும். பிள்ளைக்கும் சோதிக்கிறார்கள் என்ற பயம் இருக்காது.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் செய்யக்கூடியது பெரியது. ‘இன்று பள்ளியில் என்ன கதை சொன்னார்கள்? எனக்குச் சொல்’ என்று கேட்டு, முடியும்வரை குறுக்கிடாமல் கேட்க வேண்டும். கதையை முதலிலிருந்து முடிவுவரை கோர்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை, எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் பொருளோடு வாசிக்கும். அவர்களே தங்களுக்குத் தெரிந்த கதைகளைச் சொல்லலாம். கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: ‘என் மகள் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு வரியை என் முன்னால் வாசிக்க முடியுமா?’ தயங்காமல் கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

பனியன் நகரம் சொன்னதை ஏற்கிறேன். வாய் திறக்காத பிள்ளையைத் தனியாக அழைப்பது அச்சுறுத்தலாகிவிடும். அவர்களுக்குக் கூட்டு வாசிப்பு வேண்டும். நான் எதிர்ப்பது, அது மட்டுமே வாசிப்பு வகுப்பாகிவிடுவதை.

---

ஈராசிரியர்

எல்லாரும் தனிக் கவனத்தின் பக்கமே பேசுகிறீர்கள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் நடத்துகிறோம். கொரோனா காலத்தில் பள்ளியையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டது, பலனும் கிடைத்தது. ஆனால் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் யார் எந்தக் குழு என்பதன் பொருள் பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடுகிறது. ‘நான் எப்போது மலருக்குப் போவேன்?’ என்று ஒரு சிறுவன் கேட்டான். தினமும் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்கிற பிள்ளையையும் மற்றவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். இதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

பார்த்து எழுதுவதையும் சொல்வதெழுதுதலையும் இவ்வளவு எளிதாக ஒதுக்க வேண்டாம். தினமும் ஐந்து சொல் எழுதிய என் பிள்ளைகளுக்கு ‘ல, ள, ழ’ தடுமாற்றம் குறைந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். இருபது பேர் அமைதியாக எழுதும் அந்த நேரம்தான் எனக்கு மற்ற வகுப்பைப் பார்க்கக் கிடைக்கும் நேரமும்.

---

பழைய ஏணி

எழுதுவது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை பார்த்து எழுதும்போது படம் வரைகிறது. அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதிய பிள்ளையிடம் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். விழித்தால், அந்த ஒரு பக்கத்தை எழுதவைத்து என்ன பயன்? எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் நோட்டை மூட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தால் இரண்டும் நடந்துவிடும், ஈராசிரியர். தனி நேரம் தேட வேண்டாம். திருத்துகிற நேரமே கேட்கிற நேரமாகிவிடும்.

பிள்ளை தாழ்வாக நினைக்கும் என்ற கவலை நியாயமானது. நாங்கள் நன்றாக வாசிக்கிறவர்களையும் முறை வைத்து அழைப்போம். அவர்களுக்குக் கடினமான பத்தி. எல்லாரும் வருகிற இடம் என்றாகிவிட்டால் யாருக்கும் முத்திரை விழாது.

---

புதிய பணி

பணியில் சேர்ந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. முதல் வகுப்பு. நாளையிலிருந்தே தொடங்க நினைக்கிறேன். இரண்டு சந்தேகம். பிள்ளை வாசிக்கும்போது தவறினால் உடனே திருத்த வேண்டுமா? கேட்டதை எதில், எப்படிக் குறித்துவைப்பது? ஏற்கனவே பதிவேடுகள் நிறைய இருக்கின்றன.

---

காவிரிக்கரை

குறிப்புக்குப் பதிவேடு வேண்டாம். யாரிடமும் காட்டத் தேவையில்லாத ஒரு நாற்பது பக்க நோட்டு, பிள்ளைக்கு ஒரு பக்கம். ‘சுமார்’, ‘பரவாயில்லை’ என்று எழுதாதீர்கள். அடுத்த வாரம் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள். ‘கொடி – கெ, ஆ, டி’. ‘பூனை – புனை’. இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டினால் அடுத்து என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். ஒரே தவறு நாலைந்து பக்கங்களில் வந்தால் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவையுங்கள்.

திருத்துவது பற்றி: பொருள் கெடாத தவறு என்றால் வரி முடியும்வரை விடுங்கள். பொருள் கெட்டால் வரி முடிந்ததும் ‘நீ வாசித்தது சரியாக வருகிறதா?’ என்று கேளுங்கள். பல பிள்ளைகள் தாமே திரும்பிப் போய்த் திருத்திக்கொள்வார்கள். ‘வந்தது’ என்று இருப்பதை ‘வந்துச்சு’ என்று வாசித்தால் தடுக்கவே தடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை பொருளைப் பிடித்துவிட்டுத் தன் வீட்டு மொழியில் சொல்கிறது. எழுத்து மொழி வாசிக்க வாசிக்கப் பழகிவிடும்.

ஒரு சொல்லில் பிள்ளை நின்றுவிட்டால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு உதவுங்கள். உதவும்போது முழுச் சொல்லையும் கொடுக்காமல் முதல் எழுத்தின் ஓசையை மட்டும் கொடுங்கள். ஈராசிரியர், உங்கள் ஐந்தாம் வகுப்புப் பெண்களுக்கும் ‘ஐந்து எண்ணிவிட்டு முதல் எழுத்து மட்டும்’ என்று ஒரு விதியாகச் சொல்லிப் பாருங்கள். பொறு என்றால் அவர்களால் முடியாது, எண்ணு என்றால் எண்ணுவார்கள்.

---

ஈராசிரியர்

அதைச் செய்து பார்க்கிறேன். நோட்டும் போடுகிறேன், முதலில் இரண்டாம் வகுப்புக்கு மட்டும். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு இங்கேயே வந்து எழுதுகிறேன்.